பெரியவர் கை பட்ட குழாய்

எனக்கு அடிபம்பு பழுது பார்க்கத் தெரியும். சங்கிலி அறுந்தால் மாற்றுவேன், வாஷர் தேய்ந்தால் மாற்றுவேன், ஆழ்துளைக்குள் தொங்குகிற குழாய்களை ஒவ்வொன்றாக மேலே எடுத்து, ஓட்டை எங்கே என்று பார்த்து, மறுபடி இறக்குவேன். மாணிக்பூரில் சங்கத்துக்காரர்கள் கற்றுக்கொடுத்தார்கள். எங்கள் ஊர் கடரஹாவிலிருந்து என்னோடு கிளம்பியவர்களில் ஒருத்தியை அவள் மாமியார் பாதி வழியிலேயே திருப்பி இழுத்துக்கொண்டு போனாள். இன்னொருத்தி ஸ்பானரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது நம் கைக்கு ஆகாது என்று கும்பிடு போட்டுவிட்டாள். மிஞ்சியது நான். பிடிவாதம் ஒன்றுதான் பிறந்த வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த சீர்.

பயிற்சி கொடுத்தவளை நாங்கள் அக்கா முறையில் நீலிமா தீதி என்போம், அவள் முதல் நாளே ஒன்றைச் சொன்னாள். பிடித்த குழாயை விடாதே. மேலே தூக்கும்போது விட்டால் அது துளைக்குள் போய்விடும், பம்பு செத்தது, ஊர் செத்தது. கொப்புளம் வந்தாலும் விடாதே, தேள் கொட்டினாலும் விடாதே என்று தினமும் எங்கள் காதில் ஓதினாள்.

வீட்டில் எனக்கு ஓதியது வேறு. கணவரின் அண்ணன் முன்னால் முக்காடு இல்லாமல் வரக்கூடாது. குரல் காட்டக்கூடாது. அவர் பெயரைச் சொல்லக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் கை என் கைமேல் படக்கூடாது. சொம்பு கொடுக்க வேண்டுமானால் தரையில் வைத்துவிட்டு நகர வேண்டும், அவர் எடுத்துக்கொள்வார். கல்யாணமாகி வந்த புதிதில் அவர் நீட்டிய மண்வெட்டியை நேராகக் கையில் வாங்கிவிட்டேன். அப்போது மாமியார் உயிரோடு இருந்தாள். அன்று முழுக்க எனக்கு ரொட்டி கிடையாது. அதற்குப் பிறகு அவர் கை பக்கத்தில் வருகிறது என்றால் என் விரல்கள் தாமாகத் திறந்துகொள்ளும். நான் யோசிக்கக்கூட வேண்டாம்.

ஊரார் அவரை பத்லு என்பார்கள். வாயால் சொன்னால்தான் பாவம், எழுதினால் இல்லை என்று நானே வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் எதற்கு வம்பு, பெரியவர் என்றே சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஹரியானாவில் செங்கல் சூளையில் இருக்கிறார். மழைக்குத்தான் வருவார். நான் பம்பு பழுது பார்க்கிற மிஸ்திரி வேலைக்குப் போகட்டுமா என்று போனில் கேட்டபோது, அண்ணன் சரி என்றால் சரி என்றார். அண்ணன் ஒரு நிபந்தனையோடு சரி என்றார். வீட்டு மருமகள் தனியாக ஊர் ஊராகப் போக முடியாது, தானும் கூட வருவேன் என்றார். அப்படித்தான் என் கருவிப்பெட்டி அவர் சைக்கிளில் ஏறியது. அவர் முன்னால் போவார். நான் முக்காட்டைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அக்கா முறையில் ஜிஜ்ஜி என்று நான் கூப்பிடுகிற அவர் மனைவி ரஜ்வந்தியோடு பின்னால் நடப்பேன்.

போன இடத்திலெல்லாம் அவருக்குக் கட்டில் போடுவார்கள், டீ கொடுப்பார்கள். பம்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, "வாஷர் போயிருக்கும்" என்பார். எந்தப் பம்பானாலும் வாஷர்தான். நான் முக்காட்டுக்குள் வியர்த்து, ஒரு கண்ணால் நட்டைத் தேடிக்கொண்டிருப்பேன். என்ன வேண்டுமென்றாலும் ஜிஜ்ஜி காதில் சொல்லி, ஜிஜ்ஜி அதை உரக்கச் சொல்ல வேண்டும். பம்பு தண்ணீர் கக்கியதும் ஆண்கள் அவரிடம் போய், "பத்லு மிஸ்திரி, பிரமாதம்" என்பார்கள். அவர் மறுத்ததே இல்லை. கொஞ்ச நாளில் பம்பு கெட்டால் அவருக்குத்தான் ஆள் வரும். எனக்கு வயிறு எரியும். ஆனாலும் பெட்டி என்னுடையது, பெட்டிக்குள் இருப்பதை எதற்கு எடுப்பது என்று தெரிந்தவள் நான் என்று சொல்லிக்கொள்வேன். அந்தப் பெட்டி கைவிட்டுப் போகாதவரை எதையும் பொறுக்கலாம் என்றிருந்தேன்.

மேல்சாதித் தாக்கூர்கள் தெருப் பம்பையும் நான்தான் பார்க்கிறேன். வேலை முடிந்து நாங்கள் திரும்பியதும் அதைக் கழுவி விடுவார்கள். நான் வரவழைத்த தண்ணீரிலேயே என் கை பட்டதைக் கழுவுவார்கள். எங்கள் குடியிருப்புக்காரர்கள் அங்கே குடம் வைக்க முடியாது. எங்களுக்கென்று இருப்பது இலுப்பை மரத்துக்குப் பக்கத்தில் ஒரே பம்பு. அது இல்லையென்றால் ஓடைப்பள்ளத்தில் மணலைத் தோண்டிவிட்டுத் தண்ணீர் ஊறக் காத்திருக்க வேண்டும்.

கோடை உச்சியில் அந்தப் பம்புதான் நின்றது. அடித்து அடித்துக் கை ஓய்ந்தாலும் காற்றுதான் வந்தது. குழாயில் ஓட்டை என்று எனக்குக் கைப்பிடியைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. பெரியவர் வாஷர் என்றார். நான் ஜிஜ்ஜி காதில் சொன்னேன், ஜிஜ்ஜி பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னாள். குழாய்களை வெளியே எடுக்க ஆரம்பித்தோம். நான், ஜிஜ்ஜி, எனக்கு உதவியாக வேலை பழகிக்கொண்டிருந்த பிட்டோலா, பக்கத்து வீட்டுக் கேசர். நாலு பேரும் சேர்ந்து தூக்குவோம், குழாயைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்பைப் பூட்டுவோம், மேல் குழாயைக் கழற்றி வைப்போம், கிளாம்பைத் திறந்து மறுபடி தூக்குவோம். கிளாம்பு திறந்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் குழாய் முழுக்க எங்கள் கையில் தொங்கும்.

அனல் காற்று அடித்தது. பெரியவர் மரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மூன்றாவது குழாயோ நாலாவதோ, தூக்கிக்கொண்டிருக்கும்போது குழாய்களிலிருந்து வடிந்த தண்ணீர்ச் சேற்றில் பிட்டோலாவின் கால் சறுக்கி அவள் உட்கார்ந்துவிட்டாள். குழாய் ஒரு சாண் இறங்கியது. கேசர் கத்தினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்துவிட்டேன். பிடித்து நிறுத்தியும் விட்டேன். அதைச் சத்தியமாகச் சொல்வேன். குழாய் நின்றுவிட்டது.

சத்தம் கேட்டுத் திரும்பிய பெரியவர் பாய்ந்து வந்தார். நல்ல எண்ணத்தில்தான் வந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். வந்த வேகத்தில் குழாயைப் பிடித்தார். அவர் கை என் கைமேல் விழுந்தது. தேள் கொட்டினாலும் விடாதே என்று சொன்ன தீதிக்கு எங்கள் வீட்டைப் பற்றி என்ன தெரியும்? என் விரல்கள் திறந்துவிட்டன. தீயைத் தொட்ட மாதிரி அவர் விரல்களும் திறந்துவிட்டன. ஜிஜ்ஜியும் கேசரும் இழுபட்டுக் கையை உதறினார்கள். குழாய் போயிற்று. போன சத்தம் பூமிக்குள் ரொம்ப நேரம் கேட்டது.

பிட்டோலா சேற்றில் குனிந்திருந்தாள், கேசர் அந்தப் பக்கம். கை பட்டதைப் பார்த்தது ஜிஜ்ஜி மட்டும்தான். பெரியவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவியது. பெண்கள் கையில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். சப்பாத்தி உருட்டுகிற கை இரும்பைப் பிடிக்குமா. பம்பு ஓடினபோது அது பத்லு மிஸ்திரியின் பம்பு, செத்தபின் சம்பதியாவின் பம்பு. சம்பதியா என்பது நான்தான். ஓடைப்பள்ளத்துக்குக் குடம் தூக்கிப் போன பெண்கள் திரும்பி வரும் வழியில் எங்கள் வாசலில் நின்று, சுவருக்குச் சொல்வது போல எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வெயிலில் அவ்வளவு தூரம் நடந்தவர்களுக்கு யாரையாவது திட்ட உரிமை உண்டு.

நீலிமா தீதி ஆள் சொல்லி அனுப்பினாள். பிளாக் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரியோடு வருகிறாளாம். விசாரணை. என் கை தவறி விழுந்தது என்று முடிவானால் பம்புகளைப் பெண்களிடமிருந்து பிடுங்கி ஒரு காண்டிராக்டரிடம் கொடுக்கப் போகிறார்களாம். எனக்கு மட்டும் இல்லை, பயிற்சி முடித்த எல்லா ஊர்ப் பெண்களுக்கும் பெட்டி போய்விடும். அவர்கள் வருகிற அன்று காலையில் அடுப்படியில் ஜிஜ்ஜி மாவைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தாள்.

"சின்னவளே, கை வழுக்கிருச்சுன்னே சொல்லிடு. ஈரம் பட்ட இரும்பு. வழுக்கறது ஒண்ணும் குத்தமில்ல."

"வழுக்கல ஜிஜ்ஜி."

"எனக்குத் தெரியாதா? பக்கத்துலதான நின்னேன்." மாவை ஒரு குத்துக் குத்தினாள். "கை பட்டுச்சுன்னு நீ சொல்லுவ. கையப் பிடிச்சாருன்னு ஊரு சொல்லும். பொழுது சாயறதுக்குள்ள இழுத்தாருன்னு ஆயிடும். என் பொண்ணுக்கு இப்பத்தான் ஒரு இடம் வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. அவங்க காதுக்குப் போனா?"

அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபம். அவள் சொன்ன ஒவ்வொன்றும் அப்படியே நடக்கும் என்று எனக்கும் தெரியும். வழுக்கியது என்று சொன்னால் பெட்டி போகும், என்னால் எல்லாருக்கும் போகும். சொல்லாவிட்டால் வீடு போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். புகையில் உட்கார்ந்து அழுதேன். புகையால் வந்த கண்ணீர் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று நன்றாகவே அழுதேன்.

இலுப்பை மரத்தடியில் கூட்டம் கூடியது. அதிகாரிக்குக் கட்டில், தீதிக்கு ஒரு நாற்காலி. ஆண்கள் ஒரு பக்கம், சித்தப்பா முறையில் ஊரே காக்கா என்று கூப்பிடுகிற எங்கள் சாதிப் பெரிய மனிதர் ஜுகல் காக்கா நடுவில். நாங்கள் முக்காட்டோடு தரையில். பெரியவர் எழுந்து, எனக்குப் பதிலாக அவரே சொன்னார். தம்பி பெண்டாட்டிக்குக் கை வழுக்கிவிட்டது, என்ன இருந்தாலும் பொம்பளைக் கை, மன்னித்துவிட வேண்டும். சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதிகாரி, பெண்களிடம் பம்பைக் கொடுத்த அன்றைக்கே நானும் அதைத்தான் சொன்னேன் என்று தலையாட்டினார். தீதி என்னைப் பார்த்தாள்.

"சம்பதியா, நீ சொல்லு. வழுக்கிச்சா?"

பெரியவர் எதிரில் நான் வாய் திறந்தது கிடையாது. ஜிஜ்ஜி என் முந்தானையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவர் மன்னிப்பு என்று சொன்னாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்காக அவர் மன்னிப்புக் கேட்கிறாராம்.

"வழுக்கல தீதி," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "குழாய நான் பிடிச்சு நிறுத்திட்டேன். பெரியவரு ஓடி வந்து பிடிச்சாரு. அவரு கை என் கை மேல பட்டுச்சு. நான் விட்டேன். அவரும் விட்டாரு. வேற யாரு கையா இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்."

 ஆண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஜுகல் காக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டு பெரியவரைக் கேட்டார். பட்டது தோல்மேலா, வளையல்மேலா? பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். வளையல் என்றால் தோஷம் பாதி என்றார் ஒருவர். ஈரக் கை என்றால் தண்ணீரே தோஷத்தைக் கழுவியிருக்கும் என்றார் இன்னொருவர். அதெப்படி, ஈரத்தில்தான் தோஷம் அதிகம் ஒட்டும் என்று மூன்றாவது ஆள் சண்டைக்கு வந்தார். குழாய் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது, எடுக்க முடியுமா என்று ஒரே ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் அப்போதும் ஓடைப்பள்ளத்தில்தான் இருந்தார்கள்.

அதிகாரி முகம் சுளித்தார். இது குடும்ப விவகாரம், வேலை தெரியாத குறை இல்லை, பம்புகள் பெண்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். தீதி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாரையும் காப்பாற்றிவிட்டாய் என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதற்குள் ஜுகல் காக்கா தீர்ப்பும் சொல்லிவிட்டார். கங்கை நீரால் தீட்டுக் கழிப்பு, ஐந்து கன்னிப் பெண்களுக்குச் சாப்பாடு, இனி சம்பதியா பம்புப் பக்கம் போகக்கூடாது. பெரியவருக்கு என்ன தண்டனை என்று நான் காத்திருந்தேன். அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லையாம்.

தீதி வாதாடத்தான் செய்தாள். குறை சொல்லக்கூடாது. காக்கா அவளுக்கு மரியாதையாகக் கைகூப்பி, இது எங்கள் சாதி விஷயம் பஹன்ஜி என்றார். தீதி என்னிடம் வந்து, கொஞ்ச நாள் பொறு, ஊர் ஆறட்டும் என்றாள். ஊர் என்ன கஞ்சியா, ஆறுவதற்கு? பெட்டியைப் பிட்டோலாவிடம் கொடுத்தார்கள். துளைக்குள் விழுந்த குழாயைக் கவ்வி எடுக்கிற கொக்கி ஒன்றை ஜீப்பிலிருந்து இறக்கி அவளிடமே கொடுத்து, எப்படி என்று அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பிட்டோலா பெட்டியைக் கட்டிக்கொண்டு, நான் கேக்கலக்கா, நான் கேக்கல என்று அழுதாள்.

மறுநாளிலிருந்து பெரியவர் எங்கும் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தார். முன்பெல்லாம் நான் வெளியே போக வேண்டும் என்றால் இருமல் கேட்டதும் எழுந்து நகர்ந்துவிடுவார். இப்போது நகர்வதில்லை. எங்கள் வீட்டுக்கு ஒரே வாசல், அதுவும் ஒரு ஆள் போகிற அகலம். அவர் உட்கார்ந்திருக்கும்போது கடக்க வேண்டுமென்றால் முந்தானை அவர்மேல் உரசாமல் முடியாது. எனக்குக் காவல் போட வேறு யாரும் தேவைப்படவில்லை. ஜிஜ்ஜி என்னோடு பேசுவதில்லை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்களிடமிருந்து தகவல் வரவில்லை.

எனக்கு ஒரே நம்பிக்கை என் வீட்டுக்காரர். அண்ணனிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். காக்காகூட, புருஷனே சம்மதித்தால் நாங்கள் யார் என்றுதான் சொல்வார். ஒரு நாள் காலையில் அவரே கூப்பிட்டார். ஜிஜ்ஜி போனைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய் சறுக்கியது, நான் நிறுத்தியது, காண்டிராக்டர், அதிகாரி, பெட்டி போனது. இன்றைக்குப் பிட்டோலா கொக்கியை இறக்கப் போகிறாள், அவளுக்குக் கைப்பழக்கம் இல்லை, கொக்கி கவ்வுவதற்கு முன் இழுத்தால் குழாய் உடைந்து அப்புறம் எவனாலும் எடுக்க முடியாது, நான் போயே ஆக வேண்டும், உங்கள் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். 

அந்தப் பக்கம் சூளையில் யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம். 

"எந்தக் கை?" என்றார்.

"என்னது?"

"அண்ணன் கை பட்டது உனக்கு எந்தக் கையில?"

"குழாய ரெண்டு கையாலயும்தான் பிடிக்கணும்," என்றேன்.

"சரி. அப்ப ரெண்டையும் கங்கா ஜலத்துல கழுவிக்கோ," என்று வைத்துவிட்டார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. வெளியே இலுப்பை மரத்தடியிலிருந்து சத்தம் கேட்டது. பிட்டோலா கத்துகிறாள், கேசர் கத்துகிறாள், தூக்கு தூக்கு என்கிறார்கள். இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம் விட்டு விட்டு வந்தது. கொக்கி இன்னும் கவ்வவில்லை. கவ்வியிருந்தால் அந்தச் சத்தமே வராது. அவர்கள் இழுக்கிறார்கள்.

எழுந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பெரியவர் படியில் உட்கார்ந்திருந்தார். நான் இருமினேன். நகரவில்லை. ஜிஜ்ஜியிடம் வழிவிடச் சொல்லச் சொன்னேன்.

"எங்க போறாளாம்?" என்று அவர் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"பம்புக்காம்," என்றாள் ஜிஜ்ஜி.

"கூடாதுன்னு சொல்லியாச்சுல்ல."

மறுபடி இரும்பு உரசியது. ஒரு தடவை பட்டதற்கே பெட்டி போயிற்று, வேலை போயிற்று, புருஷன் பேச்சும் போயிற்று. இரண்டாவது தடவை பட்டால் என்னிடமிருந்து எடுக்க இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. முந்தானையை ஒதுக்கிப் பிடிக்கக்கூட இல்லை. நேராக அவரைப் பார்த்து நடந்தேன்.

பெரியவர் துள்ளி எழுந்தார். அன்றைக்குக் குழாயைப் பிடிக்க வந்த வேகம் இதில் பாதிகூட இருக்காது. ஒரு செருப்பு படியிலேயே கிடக்க, சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டு, இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து மடக்கி வைத்துக்கொண்டார். அவரும் இத்தனை வருஷமாக என்னைப் பார்த்துப் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். பாவமாகக்கூட இருந்தது. ஆனால் நின்று பாவப்பட நேரம் இல்லை.

"பிட்டோலா, இழுக்காத," என்று வாசலிலிருந்தே கத்தினேன். "வலது பக்கம் திருப்பு. கவ்வட்டும். நான் வரேன்."

தெருவில் ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். முக்காட்டை நான் எடுக்கவில்லை. வெயில் அப்படி அடித்தது.